குரங்கும் சார்ஜரும் எங்கள் நாலாவது ஆளும்

தைப்பொங்கல் முடிந்து போடிங்குக்குத் திரும்பிய வாரம்தான் முதல்முறையாக அது நடந்தது. இரவு பன்னிரண்டரை இருக்கும். ஸ்கிரீன் கறுத்தது, விசிறிகள் நின்றன, கீபோர்ட்டுக்கு அடியில் எரிகிற சிவப்பு வெளிச்சம் அணைந்தது. நீலத்திரை வரவில்லை. 'ஷட் டவுன்' ஆகிறது என்ற எழுத்தும் வரவில்லை. யாரோ மெயின் சுவிட்சை இழுத்துவிட்ட மாதிரி. ஆனால் அறையில் பல்ப் எரிந்துகொண்டுதான் இருந்தது. கரண்ட் போகவில்லை.

நாங்கள் மூன்று பேரும் பாயிலிருந்து எழும்பி முதலில் பார்த்தது அதற்கு முன்னால் இருந்தவனைத்தான்.

"என்னடா செய்தனீ?"

"நான் ஒன்னும் செய்யல. வெளையாடிக்கிட்டு இருந்தேன், பட்டுன்னு போயிருச்சி."

"அதத்தான் கேக்கிறம். விளையாடித்தானே போனது."

இந்தக் கட்டுரை முழுக்க 'நாங்கள்' என்றுதான் எழுதப்போகிறோம். அது நாங்கள் மூன்று பேர். நாலாவது ஆள் அந்த 'நாங்களு'க்கு வெளியே எப்படிப் போனான் என்பதைத்தான் எழுத வந்தோம். அவனுக்கு வாசித்துக் காட்டி, அவன் சரி என்று சொன்ன பிறகே அனுப்புகிறோம். இடையில் லெப்டொப் திருத்துகிற விபரங்களும் நிறைய வரும். அதே பிரச்சினையோடு இருக்கிறவர்களுக்கு அது மட்டும் உதவினாலும் சந்தோஷம்.

*

கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்கு எதுக்குக் கேமிங் லெப்டொப் என்று கம்பஸில் பலபேர் கேட்டிருக்கிறார்கள். வீடியோ எடிட் பண்ணத்தான். 2023இல் நாங்கள் முதலாம் வருடம் வந்தபோது எங்களில் ஒருவரிடம் பழைய லெப்டொப் ஒன்று இருந்தது. இரண்டு நிமிட வீடியோவை வெட்டி ஒட்டவே அதற்கு மூச்சு வாங்கும். எடிட்டிங் மென்பொருள் ஒழுங்காக ஓடுவதற்குத் தனியான கிராபிக்ஸ் கார்ட் இருந்தால்தான் நல்லது. அது இருக்கிற லெப்டொப்கள் பெரும்பாலும் கேம் விளையாடுகிறவர்களுக்காகச் செய்யப்படுபவை. 2022 தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் அந்த வருடமே 360ஐத் தாண்டியது. அதன்பிறகு கடைகளில் புது லெப்டொப்பின் விலையைக் கேட்பதே எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

ஆகவே ஆளுக்கு 45,000 ரூபா போட்டு, 180,000 ரூபாவுக்குக் கட்டுகஸ்தோட்டையில் ஒருவரிடம் பாவித்த லெப்டொப் ஒன்றை வாங்கினோம். அப்போது மகாபொல மாதம் 5,000 ரூபா. ஆளுக்கு ஒன்பது மாத மகாபொல. வாங்கப் போனது எங்களில் இரண்டு பேர். அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தோம். ஸ்கிரீனில் புள்ளி இருக்கிறதா, கீ எல்லாம் வேலை செய்கிறதா, வைஃபை பிடிக்கிறதா, எல்லாம் பார்த்தோம். வித்தவர் உள்ளே போய் வேறொரு பையிலிருந்து சார்ஜரை எடுத்துவந்து தந்தார். குத்தினோம், சார்ஜ் ஏறியது, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டோம். இந்த வேறொரு பை என்பதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

கலஹா சந்திக்குப் பக்கத்துப் போடிங் அறையில், சுவரில் ஒரு தாள் ஒட்டினோம். யாருக்கு எந்த நேரம் என்று. எங்கள் மூன்று பேருக்கும் பின்னேரமும் முன்னிரவும். நாலாவது ஆளுக்கு இரவு 11 தொடக்கம் 2 வரை. அந்த நேரத்தை வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் அவனுக்குக் கிடைத்தது. அவன் அந்த மூன்று மணித்தியாலத்தில் முதலில் தன் அசைன்மென்ட்டைச் செய்வான், பிறகு ஜி.டி.ஏ. 5 விளையாடுவான். மற்ற மூன்று பேரும் நித்திரை.

2025 பெப்ரவரி முடிவதற்குள் நாங்கள் நாலுபேரும் சேர்ந்து ஒரு சின்ன ஆவணப்படம் கொடுக்கவேண்டி இருந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்ட லூல்கந்துர எங்கள் போடிங்கிலிருந்து கலஹாப் பாதையால் போகிற பக்கம்தான். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற பெண்கள் நாலு பேர் பேசுகிற படம். அதில் ஒருவர் எங்கள் நாலாவது ஆளின் அப்பாயி. அவர் இருந்தபடியால்தான் லயத்துக்குள் கமெராவோடு போக முடிந்தது. மெமரி கார்ட் ஒன்றுதான் இருந்ததால், ஒவ்வொருநாள் எடுத்ததையும் லெப்டொப்பில் இறக்கிவிட்டு கார்டை அழித்துத் திரும்பப் பாவித்தோம். எல்லாம் அந்த லெப்டொப்புக்குள் மட்டும்தான். வேறு பிரதி இல்லை. இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

*

முதல்முறை அணைந்ததைப் பெரிதாக எடுக்கவில்லை. மூன்றாம் முறைக்குப் பிறகு யூடியூப் பார்த்து 'ஈவென்ட் வியூவர்' என்ற ஒன்றைத் திறந்தோம். விண்டோஸ் தனக்கு நடந்ததையெல்லாம் அதில் நாட்குறிப்பு மாதிரி எழுதிவைக்கும். சிவப்பு அடையாளத்தோடு 'கேர்னல் பவர் 41' என்று வரிசையாக இருந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று கைகூடக் கொடுத்துக்கொண்டோம்.

உண்மையில் நாங்கள் கண்டுபிடித்தது ஒன்றுமில்லை. 41 என்பது நோயின் பெயர் அல்ல. லெப்டொப் திரும்ப எழும்பும்போது, "நான் கடைசியாக ஒழுங்காக மூடப்படவில்லை" என்று விண்டோஸ் எழுதுகிற வரி அது. ப்ளக்கைப் பிடுங்கினாலும் 41தான், பவர் பட்டனை அழுத்திப் பிடித்தாலும் 41தான். அதைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பிழைக் குறியீட்டு எண் இருக்கும். எங்களுடைய எல்லாவற்றிலும் அது பூச்சியம். நீலத்திரை வந்து செத்திருந்தால் அங்கே ஏதாவது எண் இருந்திருக்கும். பூச்சியம் என்றால் பெரும்பாலும், விண்டோஸுக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைக்கவில்லை என்று அர்த்தம். மின்சாரம் சட்டென்று நின்றிருக்கலாம். இது எங்களுக்குப் பின்னர்தான் விளங்கியது. அன்றைக்கு நாங்கள் பார்த்தது நேரங்களை மட்டும்தான்.

ஜனவரி கடைசியில் மொத்தம் பதினொரு 41கள் இருந்தன. அவற்றில் ஏழு இரவு 11க்கும் 2க்கும் இடையில். சுவரிலிருந்த தாளோடு ஒப்பிட்டோம். அவனுடைய நேரம். மற்ற நாலு? எங்களில் ஒருவர் படத்தை ரெண்டர் பண்ணும்போது, அதாவது வெட்டி ஒட்டியதை ஒரே கோப்பாக ஆக்கும்போது நடந்தவை. அதற்கும் விளக்கம் வைத்திருந்தோம். அவன் இரவிரவாக விளையாடி ஏற்கனவே பழுதாக்கிவிட்டான், அதனால்தான் இப்போது எங்களுக்கும் நடக்கிறது.

இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. பதினொன்றும் அவனுக்கு எதிரான சாட்சி. அவன் இருந்தபோது நடந்தாலும் அவன், அவன் நித்திரையாக இருக்கும்போது நடந்தாலும் அவன். அப்படி ஒரு விளக்கத்தை வைத்திருப்பவர்களுக்கு எந்த ஆதாரமும் தேவையில்லை.

*

கண்டி டவுனில், மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒரு நானா லெப்டொப் திருத்துகிறார். கெட்டம்பேயில் டிராபிக்கில் நின்று நின்று போன பஸ்ஸில் லெப்டொப்பைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனோம். நாலாவது ஆளைக் கூட்டிப்போகவில்லை.

நானா கேட்ட முதல் கேள்வி, "சாகக்குள்ள யாரு பக்கத்தில இருந்த?"

"ஃபிரெண்ட் ஒருத்தன். அவன்தான் கேம் விளையாடிப் பழுதாக்கினவன்."

"அவர் வரல்லயா?"

"இல்ல நானா."

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பின்மூடியைக் கழற்றினார். இரண்டு விசிறிகளுக்கும் செப்புக் குழாய்களுக்கும் நடுவில் கம்பளி மாதிரி தூசி. மெத்தையில் வைத்துப் பாவித்தீங்களா என்று கேட்டார். ஓம். கேமிங் லெப்டொப் கீழ்ப்பக்கத்தால் காற்றை இழுத்துப் பின்னாலும் பக்கத்தாலும் தள்ளும். மெத்தையில் வைத்தால் மூக்கைப் பொத்தின மாதிரி. தூசியை எடுத்து, புரொசசருக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் மேலிருந்த காய்ந்த பசையைத் துடைத்துப் புதுப் பசை பூசித் தந்தார். 4,500 ரூபா.

போகும்போது ஒன்று சொன்னார். "சூடு என்டா மிஷின் முதல்ல சொல்லும் தம்பி. விசிறி கத்தும், வேகம் குறையும், கேம் இழுத்து இழுத்துப் போகும். அதையும் மீறினாத்தான் ஓஃப் ஆகும். ஒங்கட ஃபிரெண்ட்ட கேளுங்க, அப்படி இழுத்திச்சா என்டு."

நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் தீர்ப்பு இருந்தது. இப்போது திருத்தமும் ஆகிவிட்டது. அவனிடம் சொன்னது ஒன்றுதான்: படம் முடியும்வரை கேம் விளையாடக்கூடாது.

அவன் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சரி. என் 45,000த்த எப்ப தருவீங்க?" என்று கேட்டான். அன்றிரவே தலையணையை எடுத்துக்கொண்டு கீழ்த்தட்டில் இன்னொரு நண்பனின் அறைக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் லெப்டொப் நல்லபடி ஓடியது. மூன்றாம் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு, வெளிச்சத்தில், எங்கள் மூன்று பேருக்கும் முன்னால், ரெண்டர் 34 வீதத்தில் இருக்கும்போது, பட்டென்று கறுத்தது.

*

இந்த முறை எங்களிடம் ஒரு பதிவு இருந்தது. நானா 'எச்.டபிள்யூ.இன்ஃபோ' என்ற இலவச மென்பொருளைப் போட்டுத் தந்திருந்தார். இரண்டு செக்கனுக்கு ஒருமுறை சூட்டையும் விசிறி வேகத்தையும் மற்றவற்றையும் ஒரு கோப்பில் எழுதும். லெப்டொப் செத்தாலும் அதுவரை எழுதியது இருக்கும். கடைசி வரியைப் பார்த்தோம். புரொசசர் 79 பாகை, கிராபிக்ஸ் 71 பாகை. இந்த மாதிரி லெப்டொப்களில் உள்ள புரொசசர்கள் 100 பாகை அளவுக்குப் போனால்தான் தங்களைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். 79 என்பது உழைக்கிற மிஷினுக்குச் சாதாரண வேர்வை. துப்புரவாக்கியது வீண் இல்லை, முன்பு 96 வரை போனது இறங்கியிருந்தது. ஆனால் அணைகிறதற்குக் காரணம் சூடு அல்ல.

கேமும் அல்ல. கேம் விளையாடுகிறவன் வீட்டிலேயே இல்லை.

அப்போதாவது போய் அவனைக் கூட்டிவந்திருக்கலாம். செய்யவில்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தேத்தண்ணி குடித்தோம். குற்றவாளி இல்லாமல் போனது நிம்மதியைத் தரவில்லை, எரிச்சலைத்தான் தந்தது.

*

பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் 11 மணி தாண்டி நாடு முழுக்க மின்சாரம் போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எங்களுக்கு வேறு காரணத்துக்காகவும் ஞாபகம். லெப்டொப் சார்ஜரில் குத்தியபடி இருந்தது. எங்களில் ஒருவர் படத்துக்கு எழுத்துக்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார், பாரமான வேலை ஒன்றுமில்லை. விசிறி நின்றது, பல்ப் அணைந்தது. பற்றரி 71 வீதம் என்று காட்டியது, ஆகவே ஒரு மணித்தியாலமாவது ஓடும் என்று நினைத்தோம். நாலு நிமிடத்தில் 52 வீதம் என்று காட்டிக்கொண்டே செத்தது.

52 வீதம் சார்ஜ் இருக்கிற பற்றரி சாகக்கூடாது. அந்த எண் பொய்.

பின்னேரம் போனில் செய்தி வந்தது. பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் வந்த தடங்கல் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொல்லியிருந்தார். உலகம் முழுக்கச் சிரித்தார்கள். நாங்களும் மீம் அனுப்பினோம். ஒரு குரங்கு ஒரு நாட்டையே அணைத்துவிட்டது!

ஆனால் அடுத்தடுத்த நாட்களில் மின்சார சபை கொடுத்த விளக்கத்தை வாசித்தபோது சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை மின்சாரத் தேவை குறைவு. வெயில் நல்லா இருந்ததால் சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். நீர், அனல் நிலையங்களில் சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைவாகவே ஓடிக்கொண்டிருந்தன. அந்தக் கனமான சுழற்சிதான் அதிர்ச்சி வரும்போது சில செக்கன்கள் தாங்கிப்பிடித்து 50 ஹேர்ட்ஸை விழவிடாமல் வைத்திருப்பது. அது போதாதபோது, ஒரு இடத்தில் விழுந்த சின்ன அடி எல்லாவற்றையும் தட்டிவிட்டது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தங்களைக் காப்பாற்றத் தாங்களே அணைந்தன. நுரைச்சோலை உடனே திரும்ப எழும்பவில்லை. 10ஆம், 11ஆம் திகதிகளிலும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டினார்கள்.

குரங்கு பொய் இல்லை. குரங்கு அங்கே இருந்தது. ஆனால் எந்த நாளும் ஏதாவது ஒரு குரங்கோ, மரக்கிளையோ, மின்னலோ எங்காவது படத்தான் செய்யும். அந்த ஞாயிற்றுக்கிழமை தாங்கிப்பிடிக்க ஏன் ஒன்றும் இருக்கவில்லை என்பதுதான் கேள்வி.

மெழுகுதிரி வெளிச்சத்தில் இதைக் கதைத்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருவர் கேட்டார்: "எங்கட லெப்டொப்பில தாங்கிப்பிடிக்கிறது என்னடா?"

பற்றரி.

*

கரண்ட் வந்ததும் 'கமாண்ட் ப்ரொம்ப்ட்' திறந்து, 'பவர்சிஎஃப்ஜி' என்று எழுதி, இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு 'பற்றரிரிப்போர்ட்' என்று கொடுத்தோம். விண்டோஸில் ஏற்கனவே இருக்கிற வசதி, ஒன்றும் இறக்கத் தேவையில்லை. ஒரு அறிக்கை வரும். அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும்: பற்றரி செய்யப்பட்டபோது எவ்வளவு கொள்ளும், இப்போது முழுக்க ஏற்றினால் எவ்வளவு கொள்கிறது. எங்களுடையது 51,000 கொள்ளவேண்டியது 19,000தான் கொள்கிறது. பாதிக்கும் குறைவு.

ஆனால் ஒரு சந்தேகம் மிஞ்சியது. ரெண்டர் பண்ணும்போது சார்ஜர் குத்தித்தானே இருக்கிறது? சார்ஜரிலேயே ஓடவேண்டியது பற்றரி கெட்டால் ஏன் சாகவேண்டும்?

அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை. 10ஆம் திகதி இரவு, வெட்டிய கரண்ட் வந்த பிறகு, மூன்று பேரும் கீழ்த்தட்டுக்கு இறங்கிப்போனோம். கதவடியில் நின்று யார் முதலில் கதைப்பது என்று ஒருவரையொருவர் தள்ளினோம். கடைசியில், "ஒண்டு கேக்கவேணும்" என்று தொடங்கினோம். மன்னிப்பு என்ற சொல் அன்றைக்கு வாயில் வரவில்லை. கேள்விதான் வந்தது. நானா கேட்கச் சொன்ன அதே கேள்வி. சாகிறதுக்கு முதல் கேம் இழுத்ததா?

"இல்ல. நல்லாதான் ஓடும். பட்டுன்னு போகும். போறதுக்கு முன்னுக்கு சார்ஜர்ல இருக்கிற பச்ச லைட்டு ஒரு செக்கன் அணையும், அப்புறமா திரும்ப எரியும். அதுக்குள்ள லெப்டொப் செத்துரும்."

நாங்கள் ஒன்றும் பேசவில்லை.

"அப்புறம், சார்ஜர் குத்தி வெளையாடினாலும் பற்றரி கொறையும். நூறுல ஆரம்பிச்சா ரெண்டு மணிக்கு எம்பத்தஞ்சுல நிக்கும். இத நான் போன வருசமே ஒங்ககிட்ட சொன்னேன்."

சொல்லியிருந்தான். எங்களுக்கு ஞாபகம் இருந்தது. "அப்ப விளையாடுறதக் குறை" என்று நாங்கள் சொன்னதும் ஞாபகம் இருந்தது.

அடுத்தநாள் நாலுபேரும் கண்டிக்குப் போனோம். நானா லெப்டொப்பைத் தொடவேயில்லை. அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, சார்ஜரைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைப் போன் வெளிச்சத்தில் வாசித்தார். 19.5 வோல்ட், 6.15 அம்பியர். பெருக்கிப் பாருங்க என்றார். 120 வொட். பிறகு லெப்டொப்பின் அடியிலிருந்த எழுத்தைக் காட்டினார். 19.5 வோல்ட், 9.23 அம்பியர். 180 வொட்.

வித்தவர் வேறொரு பையிலிருந்து எடுத்துத் தந்தது வேறொரு லெப்டொப்பின் சார்ஜர். முனை ஒன்று, வோல்ட் ஒன்று, ஆகவே சார்ஜ் ஏறும். ஆனால் புரொசசரும் கிராபிக்ஸும் ஒன்றாக உழைக்கும்போது லெப்டொப் 120க்கு மேல் கேட்கும். குறையைப் பற்றரி கொடுத்துச் சமாளித்துக்கொண்டே வந்தது, ஒன்றரை வருடமாக. அதனால்தான் குத்தியபடி விளையாடினாலும் சார்ஜ் குறைந்தது. ஓயாமல் உழைத்த பற்றரி கடைசியில் களைத்தது. அதற்குப் பிறகு, பாரம் சட்டென்று கூடும்போது சார்ஜர் தன்னைக் காப்பாற்ற ஒரு செக்கன் அணையும். பச்சை லைட் அணைவது அதுதான். அந்த ஒரு செக்கனைப் பற்றரியால் தாங்கமுடியாது. அவ்வளவுதான்.

"இவர முதல்லயே கூட்டிட்டு வந்திருந்தா ஒங்களுக்கு 4,500 மிச்சம் தம்பி" என்றார் நானா. பிறகு யோசித்து, "இல்ல, தூசிய எடுக்கத்தான் வேணும்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அன்னைக்கு வாங்கப் போனது யாரு?"

எங்களில் இரண்டு பேர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். மூன்றாவது ஆள் போகவில்லைதான், ஆனால் அவரும் வெளியேதான் பார்த்தார்.

*

180 வொட் சார்ஜர் ஒன்று பாவித்தது 11,500 ரூபாவுக்குக் கிடைத்தது. மூன்று பேரும் போட்டோம், அவனிடம் வாங்கவில்லை. பற்றரிக்குக் காசு இல்லை, அது இன்னும் பழையதுதான். ஆனால் கண்டுபிடித்தது சரியா என்று எப்படித் தெரியும்? முன்பும் கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு தடவை கைகொடுத்தவர்கள்தானே நாங்கள். ஆகவே இந்த முறை ஒன்றை மட்டும் மாற்றினோம்: சார்ஜர். மற்றதெல்லாம் அதே மேசை, அதே பற்றரி, அதே செட்டிங். எதைக்கொண்டு பரீட்சிப்பது என்பதில்தான் கொஞ்சம் தயங்கினோம். லெப்டொப்புக்கு அதிக பாரம் கொடுக்கிற வேலை எது என்று எங்களுக்குத் தெரியும்.

"நீ விளையாடு, நாங்கள் எழுதுறம்" என்றோம்.

முதலில் படக் கோப்புகள் எல்லாவற்றையும் இரவல் வாங்கிய வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்தோம். பிறகு அவன் இரவு 11க்குத் தொடங்கினான். நாங்கள் பக்கத்தில் இருந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடு, பற்றரி வீதம், சார்ஜர் லைட் மூன்றையும் சுவரிலிருந்த தாளைக் கழற்றி அதன் பின்பக்கத்தில் எழுதினோம். ஒன்றரை வருடத்தில் முதல்தடவையாக அவன் விளையாடுகிறதைப் பார்த்தோம். காரை ஒழுங்காக ஓட்டுகிறான், சிவப்பு லைட்டில் நிற்கிறான். ஜி.டி.ஏ.இல் யார் சிவப்பு லைட்டில் நிற்கிறது என்று கேட்டோம். "சும்மா ஊரச் சுத்திப் பாப்பேன், கடல் பக்கம் போவேன்" என்றான். ஒரு மணி பத்துக்கு நிறுத்தினோம். பற்றரி நூறிலேயே நின்றது. பச்சை லைட் ஒருதடவையும் அணையவில்லை.

அதன்பிறகுதான் மன்னிப்புக் கேட்டோம். "சரி விடுங்கடா" என்றான். அவன் அதை எவ்வளவு தூரம் விட்டான் என்று எங்களுக்குத் தெரியாது. மேல்தட்டுக்குத் திரும்பிவர அவனுக்கு இன்னும் ஒரு கிழமை எடுத்தது.

*

உங்கள் லெப்டொப்பும் இப்படிச் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தால், எங்களைப் போல காசைக் கொடுத்துத் தொடங்கவேண்டாம். முதலில் முக்கியமான கோப்புகளைப் பிரதி எடுங்கள். பிறகு சார்ஜரின் பின்னால் இருக்கிற எண்ணையும் லெப்டொப்பின் அடியில் இருக்கிற எண்ணையும் ஒப்பிடுங்கள், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பற்றரி அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பற்றரி ஊதி, மூடி மேலே தள்ளுகிற மாதிரி இருந்தால் உடனே பாவிப்பதை நிறுத்தி, திருத்துகிறவரிடம் கொடுங்கள், நீங்களே குத்திக் கிளற வேண்டாம். ப்ளக் சொக்கெட்டில் ஆடுகிறதா பாருங்கள். உருண்டை முனைக்கும் சதுர முனைக்கும் நடுவில் மாற்றி மாற்றிக் குத்துகிற எங்கள் போடிங் அறைகளில் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சூட்டைப் பதிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முக்கியமாக, அணையும்போது பக்கத்தில் இருந்தவரிடம் என்ன பார்த்தாய் என்று கேளுங்கள். என்ன செய்தாய் என்று கேட்டால் "ஒன்னும் செய்யல" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலால் ஒரு பிரயோசனமும் இல்லை.

படம் பெப்ரவரி 27 இரவு ரெண்டர் ஆகி முடிந்தது. அப்பாயி ஆறு நிமிடம் பேசுகிறார். கடைசி 20 வீதம் ஓடும்போது நாலுபேரும் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, சார்ஜரின் பச்சை லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சுவரில் இப்போது புதுத் தாள். நேரங்கள் கிழமைக்கு ஒருமுறை சுற்றி மாறும், இரவு 11 தொடக்கம் 2 நாலுபேருக்கும் வரும். வலப்பக்கத்தில் 'பார்த்தது' என்று ஒரு நிரல் கூடுதலாகக் கீறியிருக்கிறோம். விசிறி சத்தம், சார்ஜ் வீதம், எது வித்தியாசமாக இருந்தாலும் அங்கே எழுதவேண்டும். முதல் வரியை அவன்தான் எழுதினான்: 'ஒன்னும் இல்ல. நல்லா ஓடுது.'